சங்கிலியில் வைத்த காய்ச்சல்

விக்கிரமசிங்கபுரத்துச் சபையில் யாருக்கு என்ன நோய் வந்தாலும் டாக்டருக்கு அடுத்தபடியாகத் தெரிந்துகொள்கிறவள் கிரேஸ். சில சமயம் டாக்டருக்கு முந்தியே தெரிந்துவிடும். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சங்கிலி ஜெபம் அவள் பொறுப்பில் இருந்தது. யாராவது படுத்துவிட்டால் சபைப் பெண்கள் ஆளுக்கு அரை மணி நேரம் முறை எடுத்துக்கொண்டு, அவரவர் வீட்டில் முழங்காலில் நின்று ஜெபிக்க வேண்டும். தன் முறை முடிந்ததும் அடுத்தவளைப் போனில் கூப்பிட்டு, நோயாளியின் நிலவரத்தைச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் கண்ணி அறாமல் ஓடும். இதற்குச் 'சங்கிலியில் வைப்பது' என்று பெயர்.

இதில் கிரேஸ் கொண்டுவந்த சட்டம் இரண்டு. விவரத்தை வாட்ஸப்பில் எழுதி அனுப்பக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். எழுதி அனுப்பினால் ரேஷன் கடை அறிவிப்பை வாசிப்பதுபோல வாசித்துவிட்டு எழுந்துவிடுவார்கள், மனதில் பாரம் ஏறாது என்பது அவள் கருத்து. அடுத்தது, நோயை மூடி மறைக்கக் கூடாது.

"சும்மா சுகவீனம்னு சொன்னா கர்த்தர் எதைன்னு பிடிச்சுச் சுகமாக்குவாரு? இடம் சொல்லணும். வலி குத்துதா, இழுக்குதா, எரியுதான்னு சொல்லணும். டாக்டர் என்ன சொன்னாருன்னு சொல்லணும்" என்பாள்.

மில்லில் மேஸ்திரியாக இருந்த ஒருவருக்கு மூலம் வந்தபோது இடம், எரிச்சல், அளவு எல்லாம் சொல்லித்தான் சங்கிலியில் வைத்தாள். சபையே உருகி ஜெபித்தது. மேஸ்திரிக்குச் சுகமும் கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் இந்தச் சபைக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி அம்பாசமுத்திரத்துக்குப் போய் ஆராதித்துவிட்டு வருகிறார். கிரேஸ் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. "சுகம் கெடைச்சுதா இல்லையா, அதச் சொல்லுங்க" என்றாள்.

அவள் பிறந்தது ராதாபுரம் பக்கம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். கிணற்றில் தண்ணீரைவிடக் கயிறு அதிகம் இருந்த ஊர். கல்யாணமாகி இங்கே வந்தபோது ஆற்றில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக் கொஞ்ச நாள் வாய் பிளந்தாள். போர்வையும் பாயும் துவைக்கத் தொடங்கியதும் வாய் மூடிக்கொண்டது. கணவர் தேவசிகாமணி நூல் மில் ஆபீஸில் குமாஸ்தா. சங்கு ஊதினால் காப்பி, சங்கு ஊதினால் சோறு என்று வாழ்ந்துவிட்டு ஓய்வு பெற்றார். கெட்ட பழக்கம் கிடையாது. பேப்பரைப் படித்து முடித்தால் கடையில் வாங்கினபோது இருந்ததைவிட ஒழுங்காக மடித்து வைப்பார். அவரைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை என்பதுதான் அவருடைய வருத்தமே.

மகன் ஹெப்ரான் மலேசியாவில், போர்னியோ தீவில், ஒரு பாமாயில் ஆலையில் இன்ஜினியர். மகள் ரீபா உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். ரீபாவுக்கு வந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போய்க்கொண்டிருந்தன. ஒரு வீட்டில் பெண் மாப்பிள்ளையைவிட உயரம் என்றார்கள். இன்னொரு வீட்டில், அப்பா குமாஸ்தா சரி, அரசாங்கக் குமாஸ்தாவா மில் குமாஸ்தாவா என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். கடைசியில் பாளையங்கோட்டை டார்லின் டீச்சரின் மகன் கிங்ஸ்டனுக்கு அமைந்தது. ரீபாவும் கிங்ஸ்டனும் போனில் பேசிச் சிரிக்கிற அளவுக்குப் பழகிவிட்டார்கள்.

டார்லின் டீச்சர் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு முன்னறையில் வம்ச வரலாறு ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருக்கும். முதன்முதலில் வெள்ளைக்காரப் பாதிரியார் கையால் ஞானஸ்நானம் வாங்கிய பாட்டனாரில் தொடங்கி, கிளை விட்டு, கடைசிக் கொப்பில் கிங்ஸ்டன் உட்கார்ந்திருப்பான். வருகிறவர்கள் அதைப் படித்து முடித்த பிறகுதான் காப்பி வரும்.

"நீங்க எத்தனாவது தலைமுறை?" என்று பெண் பார்க்க வந்த அன்று கேட்டார் டீச்சர்.

"நாலு" என்றாள் கிரேஸ்.

"நாங்க ஏழு" என்றார் டீச்சர், மன்னித்துவிட்ட குரலில்.

கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். சபைக் குருவானவரை ஐயர் என்று அழைப்பது இவர்கள் வழக்கம். ஆராதனையில் அறிவிப்புகளின் கடைசியாக ஐயர் பெண், மாப்பிள்ளை பெயர்களை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்பார். இரண்டு வீட்டார் சபையிலும் ஒரே நாளில் வாசிப்பார்கள். யாரும் எதுவும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. என்றாலும் அந்த ஒரு மூச்சு நேரம் பெண்ணைப் பெற்றவர்கள் எந்தப் பெஞ்சாவது கிரீச்சிடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வார்கள்.

பேரனைப் பார்க்கத் தேவசிகாமணி போர்னியோவுக்குப் போய்த் திரும்பினது அந்தச் சமயத்தில்தான். ஹெப்ரான் டிக்கெட் அனுப்பியிருந்தான். சேலை, சமையல்காரர், பந்தல் என்று கிரேஸுக்கு வேலை கிடந்ததால் அவர் மட்டும் போனார். தினமும் காலையில் தோட்டத்து ஓரமாகக் காடு வரைக்கும் நடப்பாராம். குரங்குகளைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். "அங்கன ஒரு சாதிக் குரங்குக்கு வாலு பன்னி வாலு மாதிரி குட்டையா இருக்கு கிரேஸு" என்றார். கை கால் முழுக்கக் கொசு கடித்த தழும்பு. அதையும் காட்டினார்.

முதல் ஓலை வாசித்த மறுநாள் சாயங்காலம் அவருக்குக் குளிர் எடுத்தது. வீட்டிலிருந்த போர்வையெல்லாம் மூடியும் கட்டில் ஆடியது. இரவில் வேர்த்துக் கொட்டி, எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். சரியாகிவிட்டது என்று நினைத்தால் மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் குளிர். மில் சங்குகூட ஒன்றிரண்டு நிமிஷம் முன்னே பின்னே ஊதும். தெரு முக்கு டாக்டர் வைரஸ் காய்ச்சல் என்று ஊசி போட்டார். வியாழக்கிழமை அவருக்குக் கண் செருகியதும் காரை வைத்துப் பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மா ரத்தத்தைப் பார்த்துவிட்டு மலேரியா என்றாள். ஆனால் வழக்கமாகப் பார்க்கிற மலேரியா மாதிரி இல்லை என்று மறுபடியும் பார்த்தாள். "வெளியூரு எங்கயும் போனீங்களா?" என்று கேட்டாள்.

"போர்னியோ" என்றார் தேவசிகாமணி, பல் கிட்டிக்கொண்டு.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "காட்டுப் பக்கமா?"

"காடும் உண்டு. குரங்கும் உண்டு."

டாக்டரம்மா கிரேஸைத் தனியாகக் கூப்பிட்டாள். "இது குரங்கு மலேரியாவா இருக்கும்னு சந்தேகப்படுதேன். அங்கன உள்ள குரங்கு உடம்புல இருக்கிற கிருமி. குரங்கைக் கடிச்ச கொசு மனுஷனைக் கடிச்சா வந்துரும். மத்த மலேரியாவை விட வேகமாப் பெருகும், அதான் பயம். மருந்து உண்டு, இப்பவே ஆரம்பிச்சிருவோம். என்ன கிருமின்னு உறுதிப்படுத்த ரத்தத்த ஆராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்புதேன்."

டாக்டரம்மா சொன்னதில் கிரேஸின் காதில் நின்றது குரங்கு மட்டும்தான். அடுத்தபடியாக டார்லின் டீச்சர் வீட்டுச் சுவரில் தொங்குகிற வம்ச வரலாறு கண் முன்னால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலை.

வெளியே வந்து ரீபாவிடம், "ஏட்டி, யாரு கேட்டாலும் வைரஸ் காய்ச்சல்னு சொல்லு. குரங்குப் பேச்சே வரக் கூடாது" என்றாள்.

"மேஸ்திரி மாமாவுக்கு மட்டும் இடம் சொல்லி ஜெபிச்சீங்களே" என்றாள் ரீபா.

"அது வேற."

"அது வேற இடம். ஆமா."

பிரிஸில்லாவின் போன் வந்தது. சங்கிலியில் கிரேஸுக்கு அடுத்த கண்ணி அவள். கிரேஸ் பழக்கியெடுத்த ஆள். "எக்கா, அண்ணாச்சிக்கு என்ன காய்ச்சல்? ரத்தத்துல தட்டணு எவ்வளவு இருக்கு? வாந்தி உண்டா? வயித்தால போகுதா?" என்று வரிசையாகக் கேட்டாள்.

"வைரஸ் காய்ச்சல்தான். பொதுவா ஜெபி பிரிஸில்லா."

"எக்கா, நீங்கதானே பேசுதது?" என்றாள் பிரிஸில்லா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காய்ச்சல் முந்தின நாளைவிட ஏறியது. தேவசிகாமணியின் கண் மஞ்சள் பூத்திருந்தது. கிரேஸைப் பார்த்து, "லெட்ஜர் அனுப்பியாச்சா சார்?" என்று கேட்டார். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு அவருடைய கட்டிலைத் தன் மேஜைக்குப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் மேஜைக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு என்ன அர்த்தம் என்பது கிரேஸுக்குத் தெரியும். எத்தனை பேரை அந்த இடத்திலிருந்து சங்கிலியில் வைத்திருக்கிறாள்.

வராந்தாவில் போய் நின்றாள். போன் அவள் கையில் இருந்தது. இப்போது சொன்னால் பிரிஸில்லா மூலமாக எங்கெங்கே போகும் என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். சங்கத்தில் பாதிப் பேருக்குப் பாளையங்கோட்டையில் கொண்டான் கொடுத்தான் உறவு உண்டு. அந்தப் பாதையைப் போட்டதே அவள்தான். ஆனால் விவரம் சொல்லாத ஜெபத்தில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. அடுத்தவர் புருஷன்மாருக்கு விவரமாகக் கேட்டு வாங்கிவிட்டு, தன் புருஷனுக்கு அரைகுறையாகக் கேட்கவா?

"பிரிஸில்லா, சங்கிலில வையி" என்றாள். "இது சாதாக் காய்ச்சல் இல்ல. மலேரியா. அதுலயும் குரங்குலருந்து வாரது." போர்னியோ, கொசு, தட்டணு, மஞ்சள் கண், லெட்ஜர் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அழுதாள்.

மறுநாள் காய்ச்சல் வருகிற நேரம் வந்தது. காய்ச்சல் வரவில்லை. தேவசிகாமணி எழுந்து சாய்ந்து உட்கார்ந்து, "மோரு உண்டுமா?" என்றார். மருந்து கேட்டதா, சங்கிலி கேட்டதா என்று பிரித்துப் பார்க்கக் கிரேஸ் முயலவில்லை. இரண்டுக்கும் நன்றி சொன்னாள்.

சங்கிலி அதற்குள் தன் வேலையைச் செய்திருந்தது. பிரிஸில்லா கேட்டதைக் கேட்டபடி ஒப்படைத்தாள். அவளிடம் வாங்கினவள், அடுத்தவளுக்குப் பாரம் ஏற வேண்டுமே என்று கொசுவை விட்டுவிட்டாள். கொசுவுக்காக யார் கண்ணீர் விடுவார்கள்? ஆகவே குரங்கே கடித்துவிட்டது. குரங்கு கடித்தால் இடம் சொல்ல வேண்டும் என்பது கிரேஸின் சட்டம். அதன்படி அடுத்தவள் தொடை என்றாள். சும்மா நிற்கிற மனுஷனைக் குரங்கு ஏன் கடிக்கிறது என்று யோசித்த ஒருத்தி, அவர் அதைப் பிடித்துச் சமைக்கப் போனார் என்று கண்டுபிடித்தாள். கறி சாப்பிட்டவருக்கு ரத்தம் கெட்டு, மலேசிய ஆஸ்பத்திரியில் அவசரத்துக்குக் குரங்கு ரத்தமே ஏற்றிவிட்டார்கள் என்பது சாயங்கால முறைக்காரியின் பங்கு. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலை வாசிக்கப்பட்டபோது கிரேஸ் ஆஸ்பத்திரியில் இருந்தாள். சபையில் யாரும் தடை சொல்லவில்லை. ஆனால் ஆராதனை முடிந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு தேவசிகாமணியைப் பார்க்க வந்தார்கள். நலம் விசாரித்துக்கொண்டே அவருடைய முன்னங்கை ரோமத்தைப் பார்த்தார்கள். பழைய ரோமம்தானா, புதிதா என்று யாருக்கும் முடிவாகத் தெரியவில்லை. வாழைப்பழச் சீப்போடு வந்த ஒரு பெரியவர் நடையிலேயே யோசித்து, அதைப் பைக்குள் திரும்பத் திணித்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு இசக்கிச்செல்வி போனில் கூப்பிட்டாள். "எக்கா, நம்ம தெருவுல கொசுவுக்குப் புகை அடிக்காவ. உங்க வீட்டு முன்னால மட்டும் ரெண்டு தடவை நின்னு அடிச்சிட்டுப் போனாவ. பாவநாசம் கோயில்ல குரங்குக்குக் கடலை போட்டவுகள எல்லாரும் ஏசுதாவளாம். அதுங்க என்ன செஞ்சுது பாவம், அதுங்களா போர்னியோ போச்சுது?"

"நீயாவது நல்லாக் கேட்டியே" என்றாள் கிரேஸ்.

"அண்ணாச்சி மரத்துலதான் தூங்குதாவளாமே, நெசமா?"

புதன்கிழமை டார்லின் டீச்சர் வந்தார். கூடக் கிங்ஸ்டன். வெயில் கொளுத்துகிறபோது டீச்சர் முழுக்கை ரவிக்கையும் முகக்கவசமும் போட்டு, கதவுக்குப் பக்கத்து ஸ்டூலில் சேலை எதிலும் படாமல் உட்கார்ந்தார். கிங்ஸ்டன் இளநீர் கொண்டுவந்திருந்தான். நேராகக் கட்டிலுக்குப் போய்த் தன் கையால் ஊற்றிக் கொடுத்தான். அந்த மட்டுக்கு ரீபா சொன்னது சரிதான் என்று கிரேஸ் நினைத்தாள். "பயந்தாங்கொள்ளிதான்மா. ஆனா பொய் பேச மாட்டான். நல்லவன்" என்று சொல்லியிருந்தாள் ரீபா.

அந்த நேரம் பார்த்து ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஸமீஹா வந்தாள். மேலப்பாளையத்துப் பெண். பயண விவரம் கேட்க முன்பே வந்து போனதில் ரீபாவோடு பழக்கம். இந்தக் குரங்கு மலேரியாக் கிருமிகளின் மரபணுவைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தேவசிகாமணியின் ரத்தத்தில் மிச்சம் இருப்பதை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ள அவருடைய சம்மதம் கேட்க வந்திருந்தாள்.

"அப்ப குரங்குக் கிருமிதானா அது, உறுதியாயிட்டா?" என்று ஸ்டூலிலிருந்து கேட்டார் டீச்சர்.

"உறுதிதான் மேடம். அதுலயும் ஒரு விசேஷம் இருக்கு" என்றாள் ஸமீஹா. அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "போர்னியோவுல இந்தக் கிருமி ரெண்டு பெரிய வகையறாவாப் பிரிஞ்சிருக்கு. நீளவால் குரங்குல இருந்து வாரது ஒண்ணு, பன்றிவால் குரங்குல இருந்து வாரது ஒண்ணு. பேரு ஒண்ணுதான், ஆனா மரபணுவைப் பாத்தா பங்காளிக பிரிஞ்சு ரொம்ப காலம் ஆன மாதிரி அவ்வளவு வித்தியாசம். இவருக்கு ரெண்டு வகையறாவும் சேந்து வந்திருக்கு."

"கலப்பா?" என்றார் டீச்சர்.

"கலப்புதான். ஒரே குரங்குக்குள்ள இன்னும் எத்தனையோ வகை ஒண்ணா இருக்கும். கொசு எல்லாத்தையும் சேத்து உறிஞ்சிரும். அந்தக் கிருமிக்குக் கல்யாணமே கொசு வயித்துக்குள்ளதான் மேடம். அங்கன ஒண்ணோட ஒண்ணு சேந்து புதுசு புதுசாப் பிறக்கும்."

"முறை பாக்காமயா?"

"முறையும் கெடையாது, தலைமுறையும் கேக்காது."

டீச்சர் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார். கிங்ஸ்டன் இளநீர் ஓட்டுக்குள் எதையோ தேடினான்.

"இவருக்கு ரத்தத்துல வந்தது பிள்ளைகளுக்கும் ரத்தத்துல இருக்கத்தான செய்யும்?" என்று டீச்சர் அடுத்த கேள்விக்குப் போனார்.

"ரீபா அக்கா போர்னியோவுக்கே போகலையே மேடம்."

"அப்பா போயிருக்காருல்லா?"

ஸமீஹா பொறுமையாகச் சொன்னாள். மரபணு என்றது கிருமியின் மரபணு, அவருடையது இல்லை. கொசு கடித்து வந்தது மருந்தில் போய்விட்டது. அதைப் பரப்புகிற காட்டுக் கொசுவும் ஊருக்குள் கிடையாது. தப்பான விடை சொல்கிற பிள்ளை முடிக்கட்டும் என்று காத்திருக்கிற முகத்தோடு டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"இங்கன நம்ம குரங்குகளுக்கும் வேற வேற மலேரியாக் கிருமி உண்டு" என்றாள் ஸமீஹா கிரேஸிடம். "அதுக்காகப் பாவநாசத்துல போயிக் குரங்குச் சாணியாப் பொறுக்கிக்கிட்டு இருக்கேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தா அத மட்டும் சொல்லிராதன்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க."

தேவசிகாமணி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு வகையறா ஒரே ஆளுக்கு வாரது அபூர்வமோ?" என்றார்.

"எங்க கூடத்துக்கு வந்ததுல நீங்கதான் முதல்."

"ஆராய்ச்சில எம்பேரு வருமா?"

"பேரு போட மாட்டோம் ஐயா. ஒரு எண்தான் குடுப்போம்."

"மில்லுலயும் எண்தான் குடுத்தான்" என்றார் அவர். என்றாலும் கையெழுத்தைப் பட்டாப் பத்திரத்தில் போடுகிற மாதிரி முழுப் பெயராகப் போட்டார். ஸமீஹா போன பிறகு, "கிரேஸு, நான் சபையில சாட்சி சொல்லப் போறேன்" என்றார். நோயிலிருந்து பிழைத்தவர்கள் சபையில் எழுந்து நின்று, தங்களுக்கு நடந்ததைச் சொல்லிக் கடவுளுக்கு நன்றி கூறுவதற்குச் சாட்சி என்று பெயர். பஸ் கவிழ்ந்து தப்பித்தவர், நல்ல பாம்பைத் தாண்டினவர் என்று ஊரில் எல்லாரும் சொல்லியாயிற்று. அவருக்கு இப்போதுதான் வாய்த்திருக்கிறது.

டீச்சர் கிரேஸை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "சம்பந்தியம்மா, மூணாவது ஓலையும் வாசிக்கட்டும். பாதியில நின்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. தேதிய மட்டும் பைய தள்ளி வச்சிக்கிடுவோம். ரத்தம் தெளியட்டும்."

"யாரு ரத்தம் டீச்சர்?"

"எதுக்கும் ஒரு வருஷம் போகட்டும்."

ஒரு வருஷம் என்றால் வேறு பெண் பார்க்க எடுக்கிற நேரம் என்று கிரேஸுக்குப் புரிந்தது. பின்னால் நின்ற கிங்ஸ்டனைப் பார்த்து, "தம்பி, நீங்க என்ன சொல்லுதீங்க?" என்றாள்.

"நான் அம்மாட்ட பேசுதேன் அத்தை" என்றான் அவன், அம்மா பக்கத்தில் நிற்கும்போதே.

ரீபா எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவர்கள் போன பிறகு பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காப்பி வாங்கப் போனாள். திரும்பி வர நேரமாயிற்று. கண் சிவந்திருந்தது. "காப்பிக் கடையில ஒரே புகை" என்றாள். விவரம் கேட்காமல் கிரேஸ் விட்டது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். படுத்து ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தாள் டாக்டரம்மா. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவரைச் சபைக்குக் கூட்டிக்கொண்டு போவது என்று கிரேஸ் முடிவு செய்தாள். வெள்ளைச் சட்டை போட்டு, சவரம் செய்து, மனுஷ முகத்தோடு நாலு பேருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் பாதிப் பேச்சு அடங்கிவிடும். அதைக் கேள்விப்பட்டு டீச்சரும் இளகினால் உண்டு.

சபைக் கோயிலுக்குள் நுழைகிறபோதே தேவசிகாமணி ஐயரைப் பிடித்து, சாட்சிக்கு நேரம் கேட்டார். "அறிவிப்பெல்லாம் முடியட்டும் அண்ணாச்சி, கூப்பிடுதேன்" என்றார் ஐயர். அவர்கள் உட்கார்ந்த பெஞ்சில் இருந்தவர்கள் அன்போடு சிரித்துக்கொண்டே நகர்ந்து நகர்ந்து அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்கள்.

அறிவிப்புகள் வந்தன. ஓய்வுநாள் பள்ளி, அசனப் பண்டிகைச் சாப்பாட்டுக்கு அரிசி, கடைசியாக ஓலை. தேவசிகாமணி குமாரத்தி ரீபா, கிங்ஸ்டன் என்று பெயர்களை வாசித்து, "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் இப்போதே எழுந்து தெரிவிக்க வேண்டும்" என்றார் ஐயர்.

ஓலைதான் கடைசி அறிவிப்பு என்பது தேவசிகாமணிக்குத் தெரியும். தன் நேரம் வந்துவிட்டது என்று எழுந்து நின்றார்.

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. கிரேஸ் அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். அவர் அதைத் தைரியம் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். சட்டென்று எழுந்ததில் மூச்சு வாங்கியது. முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். பார்க்கிறவர்களுக்கு, பெற்ற மகளின் கல்யாணத்துக்குத் தடை சொல்லப் போகிற ஒரு தகப்பன் மனதைத் திடப்படுத்திக்கொள்வது போலவே இருந்தது.

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணாச்சி, தடையா?"

தேவசிகாமணிக்கு இன்னும் மூச்சு திரும்பவில்லை. கையை உயர்த்தி, பொறுங்கள் என்று காட்டினார். பிரிஸில்லாவின் கைப்பைக்குள் போன் வெளிச்சம் தெரிந்தது. வாயால்தான் சொல்ல வேண்டும் என்ற சட்டத்தை அவள் முதன்முதலாக மீறினாள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று கடைசியில் தொடங்கினார் தேவசிகாமணி. "என் ரத்தத்துக்குள்ள ரெண்டு வகையறாவச் சேந்தவங்க..."

"உக்காருங்க அண்ணாச்சி, உடம்பு நல்லாகட்டும், அடுத்த வாரம் வச்சிக்கிடுவோம்" என்று ஐயர் அவசர அவசரமாகப் பாட்டு நம்பரைச் சொல்லிவிட்டார். ஆர்மோனியம் பிடித்துக்கொண்டது. என்ன நடந்தது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாமலே எல்லாரும் எழுந்து பாடினார்கள்.

அவர்கள் வீடு வந்து சேர்வதற்குள் கிரேஸின் போனில் டீச்சரின் அழைப்பு வரிசையாக விழுந்து கிடந்தது. செருப்பைக் கழற்றும்போது மறுபடியும் அடித்தது.

"சம்பந்தியம்மா, என்ன இது?" டீச்சருக்கு மூச்சு வாங்கியது. "கோயிலை விட்டு வெளிய வாரதுக்குள்ள எங்க சபையில பாதிப் பேரு எங்கிட்ட கேட்டுட்டாங்க. பெண்ணோட அப்பாவே எந்திரிச்சித் தடை சொல்லிட்டாராமே?"

கிரேஸ் வாயைத் திறந்தாள். எதிரே ரீபா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்பையன்ட்ட என்ன குறையக் கண்டாரு? எங்க வீட்டுல ஏழு தலைமுறையா யாருக்கும் ஓலையில தடை வந்தது கெடையாது. ஓலையில தடை விழுந்த பையனுக்கு இனி எவன் பெண்ணு குடுப்பான்? கிங்ஸ்டன் குடிக்கானான்னு எங்கிட்டயே கேக்காங்க."

"காரணமில்லாம அவரு எந்திரிக்க மாட்டாரு டீச்சர்" என்றாள் கிரேஸ். அதில் பொய் எதுவும் இல்லை.

"என்ன காரணம்? தேதியத் தள்ளச் சொன்னதா? அது நான் ஒரு பேச்சுக்குச் சொன்னது. தேதி அதே தேதிதான். பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சுன்னு இப்பவே எல்லார்ட்டயும் சொல்லிருதேன். நீங்க அவர்ட்ட பேசுங்க."

"பேசிப் பாக்கேன்."

"இப்பவே பேசுங்க. நான் வச்சிற மாட்டேன்."

கிரேஸ் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். தேவசிகாமணி கட்டிலில் சாய்ந்து, சொல்ல முடியாமல் போன மிச்சச் சாட்சியைச் சுவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பன்றிவால் குரங்கு வரைக்கும் வந்திருந்தார்.

"என்ன கிரேஸு?"

"சோறு வைக்கட்டுமா?"

"வையி. ரசம் மட்டும் போதும்."

கிரேஸ் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அவசரமாகச் சம்மதித்தால் நன்றாக இருக்காது. பிறகு நடைக்கு வந்து, போனைக் காதில் வைத்தாள்.

"சரின்னுட்டாரு டீச்சர்" என்றாள்.